கித்தார் பெட்டிக்கு வயது பார்த்த கதை

திருப்பூர்
14.8.94

அன்புக் கண்ணு தங்கவேலுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், மாரியம்மன் புண்ணியத்தில் நீயும் சிங்கப்பூரில் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆனால் நீ அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது, வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே. சென்னியப்பன் மாமா மகளுக்கு ஆவணியில் கல்யாணம், உன்னை எல்லாரும் கேட்கிறார்கள்.

போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, இனி ஊருக்கு வந்து கித்தார் வாசிக்கிற உத்தேசமில்லை, நான் ஊட்டியில் வாங்கிய கித்தார் ஆம்ப்ளிபயர் பெட்டி வெளிநாட்டுப் பழைய வால்வு செட், அதற்கு வயது பார்த்து நல்ல விலைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று. பெட்டி போனால் போகிறது கண்ணு, ஊருக்கே வரமாட்டேன் என்று நீ சொல்கிற மாதிரி எனக்குப் பட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்பா கோயமுத்தூரில் பழைய செட் வாங்கி விற்கிற நஜீமுதீன் பாயை வரச் சொல்லிவிட்டார்.

பாய் போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். பின்பலகையைக் கழற்றி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழின் முதுகில் டார்ச் அடித்துப் பார்த்து, கடைசி நாலு நம்பர் 6614, அறுபத்தாறாம் வருசம் பதினாலாவது வாரத்துச் சரக்குங்க, ஸ்பீக்கர்லயும் அதே வருசந்தானுங்க என்றார். அட, நம்ம சாயப்பட்டறை லாட் நம்பராட்டவே இருக்குதுங்க என்று அப்பாவுக்கு ஒரே குஷி. என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முன்பே பிறந்த பெட்டியாம், உனக்கு அண்ணன் முறை! வால்வு, டிரான்ஸ்பார்மர், பிளாஸ்டிக் நூலில் நெய்த முன்பக்கத் துணி எல்லாம் அசல், இருபதாயிரம் தருகிறேன் என்று பாய் சொல்லிவிட்டார். உங்கப்பா சும்மா இருப்பாரா? முப்பது வருசம் பனியன் கம்பெனியில் துணி பார்த்த கை. ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் கொளுத்தி மோந்து பார்த்து, காயிதம் கருகற வாசமுங்க, இது பருத்தி, பிளாஸ்டிக் இல்லீங்க, ஆரோ பொறவு மாத்தியிருக்காங்க என்று தன் சாமானுக்குத் தானே வேட்டு வைத்தார். கிறுக்கு மனுசன் என்று நான் அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டேன். பாய் சிரித்துவிட்டு மூவாயிரத்தைக் குறைத்துப் பணப்பையைத் திறந்தார்.

அப்போது பார்க்கவேண்டுமே உங்கப்பா முகத்தை! பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, ஏனுங்க பாய், வயசும் தெரிஞ்சுபோச்சு, வெலையும் தெரிஞ்சுபோச்சு, ஆனா பொட்டிக்காரரு ஊர்ல இல்லீங்க, அவரு வந்துதான் குடுக்கோணும் என்று சொல்லிவிட்டார். உன்னைத்தான் கண்ணு, அவரு இவரு என்கிறார்! பாய் காப்பி குடித்துவிட்டு, பையன் வந்தால் சொல்லியனுப்புங்க என்று சந்தோசமாகவே போனார். அப்புறம் ஏன் நூலைக் கொளுத்தினீர்கள் என்று கேட்டேன். துணி அசல் இல்லீன்னா வேண்டாம்னு ஆளு எந்திரிச்சுப் போயிருவாருன்னு பாத்தேன், போகமாட்டீங்கறாரே, நான் என்ன பண்ணட்டும் என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மருதமலையான் உன்னை நோய்நொடியில்லாமல் வைக்கட்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. பெட்டியை விற்றே ஆக வேண்டுமென்றால் நீயே வந்து உன் கையால் விற்றுக்கொள், உங்கப்பாவால் ஆகாது.

உன் அம்மா
மயிலாள்