மேலேயிருந்து ஆள் தெரியுமோ

மானிப்பாய்
14.03.1993

அன்புள்ள கனிசியசுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உங்கள் சுகத்தைத்தான் அறிய முடியவில்லை. போன கடிதத்தில் முக்கால் பக்கம் அங்குள்ள யானைகளைப் பற்றி. நான் யானைக்கா பதிவு எழுதினேன்?

குண்டுவீச்சுக்குப் பயந்து விட்டுவந்த குருநகர் வீட்டுக்கு இன்னும் போக வழியில்லை. இங்கே கரண்ட் இல்லை; மாலையில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்கிறோம். என் கை ஓய்ந்தால் செய்தி வாசிக்கிறவரும் ஓய்ந்துவிடுவார்.

பதிவுத் திருமணம் முடிந்து மூன்று வருடம். இங்கிருந்து வெளியேற எனக்குப் பாஸ் கிடைக்கும் போலிருக்கிறது. அங்கே வந்து கோயிலில் தாலி கட்டுவதற்கு முன் ஒன்று கேட்கவேண்டும். உங்கள் அக்கா ஒரு படம் காட்டினா. சின்ன விமானத்தின் பக்கத்தில் நிற்கிறீர்கள். விமானம் திருத்துவதுதான் உங்கள் வேலை என்று எனக்குத் தெரியும். ஆனால் கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டா திருத்துவார்கள்?

பதிலைப் பார்த்திருக்கும்,
சிசிலியா


மவுன், பொட்சுவானா
20.05.1993

என் சிசிலியா,

ஓம், விமானம் ஓட்டுகிறேன். பதினாலு மாதமாகிறது. உன் அண்ணை சந்தியோகுவைப் பொம்மர் விமானம் குண்டு போட்டுக் கொன்ற பிறகு இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதனால்தான் யானைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒளித்தவன் இனி முழுவதையும் சொல்லவேண்டும். போன மாதம் தபால் மூட்டைகளோடு தனியாக வந்துகொண்டிருந்தேன். நடுவானில் மின்னோட்டம் காட்டுகிற முள் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. மின்சாரம் எடுக்கிற கருவி செத்துவிட்டது, இனிப் பற்றரியில் இருக்கிறதுதான் மிச்சம். பழக்கியிருந்தபடி கருவியை ஒருதரம் நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். உயிர் வரவில்லை. விளக்குகளையும் தேவையில்லாத எல்லாவற்றையும் அணைத்து, றேடியோவுக்கு மட்டும் மிச்சம் பிடித்தேன். விமான நிலையக் கோபுரத்தைக் கூப்பிட்டு, எந்தப் பக்கத்தால் வருகிறேன் என்று சொன்னேன். அவர்களுடைய பதில் பாதியில் அறுந்துபோனது.

பயப்படாதே. இயந்திரம் நிற்கவில்லை. அதற்குத் தீப்பொறி கொடுக்க வேறொன்று இருக்கிறது. உன் சைக்கிள் டைனமோ மாதிரி, சுழலச் சுழலத் தானே மின்சாரம் எடுக்கும். திசைகாட்டியும் உயரம் காட்டுகிற முள்ளும் மின்சாரம் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு வந்த அரை மணித்தியாலத்தை எப்படி எழுதுவேன்? காதில் மனிதக் குரல் ஒன்றுமில்லை. கீழே கண்ணுக்கு எட்டியவரை தண்ணீரும் புல்லும். கொக்குகள் ஒருபக்கம் போக, அவற்றின் நிழல்கள் தண்ணீரில் வேறொரு கூட்டமாகப் போயின. நான் போகிறேனா, தண்ணீர்தான் எனக்குக் கீழே வழிந்து போகிறதா என்று பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் அது எங்கள் ஊர்ப்பக்கத்துத் தொண்டைமானாறாகவே இருந்தது. கரையில் நீ செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாய். சந்தோசமாக இருந்தேன் சிசிலியா. உனக்கு நான் ஒளித்தது வேலையை அல்ல, அந்தச் சந்தோசத்தைத்தான்.

கோபுரத்தைச் சுற்றி வந்தேன். இறங்கலாம் என்று பச்சை விளக்குக் காட்டினார்கள். கண்டுவிட்டேன் என்று சொல்ல இறக்கைகளை இடமும் வலமும் சாய்த்தேன். இறக்கையின் தட்டுகளை இறக்குகிற மோட்டாரும் செத்துக் கிடந்ததால் வேகம் குறையவில்லை. ஓடுபாதையின் கடைசியில்தான் விமானம் நின்றது.

உன் கோபத்துக்குக் காத்திருக்கும்,
கனிசியஸ்


மானிப்பாய்
02.08.1993

கனிசியசுக்கு,

முன்னால் ‘அன்புள்ள’ போட இன்றைக்குக் கை வரவில்லை. வேண்டுமானால் நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கும்போது நானும் அந்தத் தண்ணீருக்கு மேலாகத்தான் வந்தேன். அதுதான் எனக்குக் கூடுதல் ஆத்திரம். இறக்கையைச் சாய்த்தேன் என்ற இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இங்கே இறக்கை சாய்ந்தால் குண்டு வரப்போகிறது என்று அர்த்தம். முகம் நிலத்தில் படக் கிடப்போம்.

அன்று அந்தப் பொம்மர் பனை உயரத்துக்குப் பதிந்து வந்தது. அண்ணை கரையில் தனியாக வலை காயவிட்டுக்கொண்டு நின்றார். “மேலை இருந்து ஆள் தெரியாது பிள்ளை. தெரிஞ்சிருந்தால் போட்டிருக்கமாட்டான்” என்று அம்மா சொல்லுவா. பங்குச் சுவாமியும் அப்படித்தான் சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா சாப்பிடுகிறா, நித்திரை கொள்கிறா.

மேலே போய் வந்தவர் என்று எனக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். சொல்லுங்கள், பதிந்து வரும்போது கீழே நிற்கிற ஆள் தெரியுமா? எனக்காக எதையும் குறைக்கவேண்டாம். நீங்கள் விமானம் ஓட்டுவதைக்கூட என்னால் பொறுக்கலாம். பொய் சொல்கிறவரோடு வாழ எனக்கு ஏலாது. உங்கள் பதிலைப் பார்த்துத்தான் வருவதா இல்லையா என்று முடிவெடுப்பேன்.

சிசிலியா


மவுன்
11.10.1993

சிசிலியா,

இதை நாலு தரம் எழுதினேன். முதல் மூன்றிலும் தெரியாது என்றுதான் எழுதினேன். உன் அம்மாவுக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எனக்காகவும்தான்.

தெரியும். கொடியில் காய்கிற துணி சிவப்பா நீலமா என்று தெரியும். ஒருவன் தனியாக வெளியில் நின்றால் முதலில் அவன் நிழல் தெரியும், பிறகு அவன் தெரிவான். அண்ணாந்து பார்த்தால் முகமும் தெரியும்.

சந்தியோகு என் கூட்டாளி. இதுவரை எழுதி வைத்துவிட்டு இரண்டு நாள் நான் விமானத்தில் ஏறவில்லை. நீ வராவிட்டாலும் உன்னில் எனக்குக் குறையில்லை.

கனிசியஸ்


மானிப்பாய்
19.12.1993

அன்புள்ள கனிசியசுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிணற்றடியில் நின்று வாசித்தேன். எனக்கு முதலே தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லவேண்டியிருந்தது. நீங்கள் சொன்னீர்கள்.

தை எட்டாம் திகதிக்குப் பாஸ் வந்திருக்கிறது. கிளாலிக் கடலால் வள்ளத்தில் போய், கொழும்பில் விமானம் ஏறுவேன். அம்மா மாமி வீட்டில் இருப்பா. விமானம் என்றால் இன்னும் பயம்தான், என்றாலும் வருகிறேன்.

இன்னொன்று. நான் கேட்டு எழுதியது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அடுப்படியில் மா அரித்துக்கொண்டிருந்தவ, அரிதட்டை நிறுத்திவிட்டு, “என்னவாம் பிள்ளை? ஆள் தெரியுமாமோ?” என்று கேட்டா.

“தெரியாதாம் அம்மா” என்றேன்.

“அதுதானே. நான் அண்டைக்கே சொன்னனான்” என்று சொல்லி, திரும்பவும் அரிக்கத் தொடங்கினா.

அம்மாவுக்குக் கடிதம் எழுதினால் நீங்களும் அப்படியே எழுதிவிடுங்கள்.

உங்கள் மனைவி,
சிசிலியா