பழைய ஷீட்டில் போட்ட வடாம்

2007 மே 12, சனி
லீவு. கிட்வாய் நகரில் காலையிலிருந்து தண்ணீர் இல்லை. ரோஹிணி கல்யாணத்துக்கு வடாம் வேலை இன்று ஆரம்பம். பெண்ணைப் பெற்றவள் நான்தான் போட வேண்டும், ஆனால் மேல்மாடி சுந்தரவல்லி மாமி விடவில்லை. “நீ ஆபீஸ் போறவ, எங்கேருந்து கூழ் கிளறப்போறே? என் பிள்ளை கல்யாணத்துக்கு நானே போடறேன்” என்றார். மாப்பிள்ளையின் அம்மா இப்படிச் சொல்லி யாராவது கேட்டிருக்கிறார்களா! பக்கத்திலேயே சம்பந்தி அமைந்ததில் இது ஒரு லாபம்.

மே 13, ஞாயிறு
புறா விரட்ட மொட்டை மாடிக்குப் போனேன். வடாம் முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் விரித்திருந்த பிளாஸ்டிக் ஷீட் — அட ராமா, கூலரை மூடி வைத்திருந்த அதே பழைய ஷீட்!

“புதுசு வாங்கித் தரேனே மாமி?”

“புதுசு நாத்தம் அடிக்கும்டி. இது வருஷக்கணக்கா வெயில்ல காஞ்சு சுத்தமாயிருக்கு. தேய்ச்சு அலம்பித்தான் போட்டிருக்கேன்.”

ஓரத்தை விரலால் தடவினேன். வெள்ளையாகப் பொடி ஒட்டிக்கொண்டது. மடக்கினால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். என் வாய்க்கு இது அதிசயம்.

மே 14, திங்கள்
நாலு வடாத்தை டிபன் டப்பாவில் போட்டு லேபுக்கு எடுத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னச் செதில். கண்ணுக்குத் தெரியாததுதான் அதிகம். ரங்கராஜன் சார் எட்டிப் பார்த்து, “அருமையான சாம்பிள், யமுனைக் கரையா?” என்றார். “இல்லை சார், சம்பந்தியாத்து வடாம்.” அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு வேலையே இதுதான். பிளாஸ்டிக்கை விளக்குப் பெட்டியில் வைத்து, வெயில் பட்ட மாதிரிக் கிழடாக்கி, உதிரும் தூளை ஆராய்வது. புதுத் துண்டு வழவழவென்று இருக்கும். வெயில் தின்றது விரிசல் விட்டுச் சொரசொரப்பாகி, தண்ணீரில் இருக்கும் பூச்சிமருந்தைச் சில சமயம் புதுசைவிட அதிகமாகப் பிடித்துக்கொள்கிறது. எல்லா மருந்தையும் அல்ல. மொட்டை மாடிக்குக் கொசுமருந்துப் புகை வேறு வருகிறது. அந்த ஷீட் எதையெல்லாம் பிடித்து வைத்திருக்கிறதோ? சாப்பிட்டால் என்ன ஆகும்? தெரியாது. யாருக்கும் இன்னும் சரியாகத் தெரியாது.

மே 16, புதன்
இவரிடம் சொன்னேன். “பொண்ணைக் குடுக்கறோம். வாயை மூடிண்டு இரு” என்றார். ரோஹிணி அதற்கு மேல், பாதி இந்தியில். “அம்மா ப்ளீஸ், ஷாதிக்கு முன்னாடி பங்கா எடுக்காதே.”

கல்யாணத்துக்கு முன்னால் வம்பு இழுக்க எனக்கு மட்டும் ஆசையா? முன்னூறு பேர் சாப்பிடப் போகிறார்கள், அதில் எத்தனை குழந்தைகள். தெரிந்தே எப்படிப் பரிமாறுவேன்?

மே 19, சனி
சொல்லிவிட்டேன். ஷீட்டைத் தடவி, கையில் ஒட்டிய பொடியையும் காட்டினேன். மாமி முகம் சிவந்துவிட்டது.

“என் வடாத்துல விஷம்ங்கறயா?”

“அப்படிச் சொல்லலை மாமி. என்ன பண்ணும்னு எங்களுக்கே தெரியாது. தெரியாததைப் பந்தியில போட வேண்டாமேன்னுதான்.”

“தெரியாதுன்னா ஏண்டி சொல்ல வந்தே?”

கதவைச் சாத்திக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவை என் முகத்தில் சாத்தியதில்லை. பாத்ரூமில் போய் அழுதேன். எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? நன்னா இருந்த உறவை நானே கெடுத்துண்டேனே. மாமி நாளைக்கு ரோஹிணியைக் குத்திக் காட்டினா யாரு தாங்கறது?

மே 20, ஞாயிறு
மேலே காலடிச் சத்தம் மட்டும்.

ஜூன் 10, ஞாயிறு
மாமி பேசுகிறார் — புடவை, பூ, சத்திரம் பற்றி. வடாம் என்ற பேச்சே இல்லை. கடையில் வாங்கிவிடலாம் என்கிறார் இவர். வாங்கினால் மாமியின் முகத்தில் அடித்த மாதிரி. நானே போட்டால் அதைவிட மோசம். போட்ட வடாம் எல்லாவற்றையும் மாமி டின்னில் அடைத்து வைத்திருக்கிறாராம், ரோஹிணி பார்த்தாளாம். அந்த டின்கள் சத்திரத்துக்கு வந்தால்? சமையல்காரரிடம் பொரிக்காதே என்று எந்த வாயால் சொல்வேன்?

ஜூலை 1, ஞாயிறு
மாப்பிள்ளை அழைப்பு நன்றாக நடந்தது. அர்விந்த் பளிச்சென்று இருந்தான். டின் எதுவும் வரவில்லை. கேட்க தைரியம் இல்லை.

ஜூலை 2, திங்கள்
கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ரோஹிணி போய்விட்டாள். ஒரு மாடி மேலேதான், இருந்தாலும் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

மத்தியானம் சம்பந்தி பந்தியில் நான் நின்று உபசாரம் செய்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா தட்சிணாமூர்த்தி இலையைப் பார்த்துவிட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி, “என்ன இது, பொண்ணாத்துல ஒரு வடாம்கூடப் பொரிக்கலையா?” என்றார்.

பக்கத்து இலையிலிருந்து மாமி, “வடாம் என் பொறுப்பு. நான் போட்டது சரியா வரலை, நானே தூக்கிக் கொட்டிட்டேன். கேக்கறதை என்னைக் கேளுங்கோ” என்றார்.

பெரியப்பா ரசம் கேட்டார். என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மாமி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாதத்தைப் பிசைந்தபடியே, “கார்த்தாலேருந்து பட்டினியா நிக்கறே. என் பக்கத்துல ஒரு இலை போடச் சொல்லு” என்றார்.

சம்பந்தி பந்தியில் பெண்ணின் அம்மா உட்காருவதா! உட்கார்ந்தேன்.