இரண்டு பெயரில் ஒரே பதிவு

ஃபோர்ட் காலின்ஸ்,
செவ்வாய், செப்டம்பர் 16, 2003

அன்பு மகள் நோரீனுக்கு,

ஜூரிக் குளிரில் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. போன வாரம் அடித்த ஆலங்கட்டி மழையில் கார் கூரை முழுதும் குழி. உன் தம்பி கர்ட்டிஸ் வந்து பார்த்துவிட்டு, "இனிமே இதுல என்னை ஏத்தாதம்மா, மானம் போகுது" என்றான். அவன் மனைவிக்கு ஐந்தாம் மாதம்.

ஜூனில் நீ வந்திருந்தபோது, கொல்லைப்புறத்தில் கறி சுட்டுக்கொண்டிருந்த என் பழைய ஆபீஸ்காரர்கள் அத்தனை பேர் முன்னால், "அம்மா மூணு மாசம் உட்கார்ந்து கையால பண்றதை, நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள என் புரோகிராம் பண்ணிடும்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. பிரிண்டருக்கென்றே செய்யும் சிப், கட்டளைகள் இரண்டாகப் பிரியும் இடத்தில் அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே ஊகிக்கிற அந்தத் துளி மின்சுற்றை இருபத்திரண்டு வருஷம் வரைந்தவள் நான். அடுத்த மாதமே புரோகிராம் பழக ஒன்று, பிறகு சோதிக்க ஒன்று என்று பிரிண்டர் ஓடும்போது சிப் எந்தெந்தப் பக்கம் போனது என்ற பதிவுகள் இரண்டு என்னிடமே கேட்டாய். அனுப்பினேன். ஒன்றுக்கு 'வரிப் படிவம்' என்றும் இன்னொன்றுக்கு 'சர்ச் அழைப்பிதழ்' என்றும் பெயர் வைத்தேன். இரண்டும் ஒரே பதிவு.

பழகிய பதிவிலேயே சோதித்தால் நூறு ஊகத்துக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக வராமல் என்ன வரும்? இரண்டும் வேறு வேறுதானா என்று கல்லூரிப் பிள்ளைகளே முதலில் திறந்து பார்ப்பார்கள். நீ பார்ப்பாய் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். நீயோ போன் செய்து, "தொண்ணூத்தொன்பதும்மா, பொறாமையா இருக்கா?" என்றாய். அந்த எண்ணை நம்பி, இருந்த வேலையையும் விட்டுவிட்டாய். நாளை மறுநாள், வியாழக்கிழமை, நீ அதை மேடையேறிச் சொல்லப்போகும் மாநாட்டில் என் பழைய ஆபீஸ்காரர் ரேமண்ட் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். பேச வருகிறவர்களிடமெல்லாம் கேட்பதை உன்னிடமும் கேட்பார்: "ரெண்டு பதிவையும் பக்கத்துல பக்கத்துல திறந்து காட்டும்மா."

நேற்று நீ எனக்கு அனுப்பியிருந்த உன் புரோகிராமை வேறொரு பதிவில் ஒழுங்காகச் சோதித்தேன். தொண்ணூற்று மூன்று வந்தது. என் கைவேலை அதே பதிவில் தொண்ணூற்றொன்று. நீ என்னை ஜெயித்துவிட்டாய் நோரீன். அந்தத் தொண்ணூற்று மூன்றைச் சொல்லியிருந்தாலே அந்த அரங்கம் எழுந்து நின்று கை தட்டியிருக்கும்.

அப்பா எட்டிப் பார்த்து, "இவ்வளவு நேரமா என்ன எழுதுறே, ஒரு போன் போட்டா ஆச்சு" என்கிறார். நீ கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. எல்லா நலனும் பெற்று நீண்ட நாள் இரு, என் ஆசி எப்போதும் உண்டு. இதைச் சாதாரணத் தபாலில்தான் போடுகிறேன், உன் கைக்கு வர எட்டு நாளாகும்.

உன் அம்மா,
லோர்னா