மூன்றாவது ரெக்கார்டின் இரண்டாம் பக்கம்

2.11.2008 ஞாயிறு

காலையில் வெயில். மூன்று மணிக்கு மழை. ஒன்பதாம் வகுப்பு ஆங்கில விடைத்தாள் பாதிதான் முடிந்தது. கொடித் துணி எடுக்க மறந்து எல்லாம் மறுபடி ஈரம்.

மழையோடு நசீர் நானாவின் கடை மாடிக்கு. முதல் ஞாயிறு, ரெக்கார்ட் கேட்கும் நாள். கிராம்பு வியாபாரி நானா, ரயில்வேயில் ஓய்வு பெற்ற குணதாச மாத்தயா, நான். ஐந்து வருடமாக இதே மூன்று பேர், இதே மாடி, கீழிருந்து ஏறும் இதே கிராம்பு வாசனை.

இன்று விசேஷம். லண்டனில் இருக்கும் நானாவின் மகன் பெட்டி அனுப்பியிருக்கிறார். நம் பேண்டின் ஏழு ரெக்கார்டுகளும் புதிதாக அச்சடித்து, படப் புத்தகத்தோடு ஒரே பெட்டியில். பேண்டுக்குப் பெயர் இருந்தாலும் எங்களுக்கு எப்போதும் 'அந்த நாலு பேர்'தான்.

நானா சொன்னது: "ஒரு கீறல் இல்ல டீச்சர். கிட்டார் நெஞ்சுக்குள்ள வந்து அடிக்கிது. இனிப் பழசெல்லாம் எதுக்கு, செல்லுங்க?"

மாத்தயாவுக்குப் பிடிக்கவில்லை. அட்டையில் பளபளப்பு அதிகம். லேபிளின் நீலம் தப்பு. இரைச்சலைத் துடைக்கப்போய் டிரம்ஸையும் துடைத்துவிட்டார்களாம். "இது போட்டோ கொப்பி" என்றார், சிங்களத்தில். அவர் பேசுவது எப்போதும் சிங்களம், இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

நான்: ரெக்கார்ட் நல்ல கனம். பாட்டு வரிகள் அச்சிட்டது வசதி. மூன்றாவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதன் இரண்டாம் பக்கத்தை இருபத்தைந்து வருடம் கழித்துக் கேட்கிறேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என்னுடையது எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் போனது, வீட்டுச் சாமான் எல்லாவற்றோடும். நாங்கள் ரத்தோட்டைத் தோட்டத்துக்கு ஓடிப்போய், திரும்பி வந்தபோது நான்கு சுவர்தான். நானாவுக்கு இது தெரியும். மாத்தயாவிடம் சொன்னதில்லை. பேச்சு அந்தப் பக்கம் போனதில்லை.

மாத்தயாவிடம் மூன்றாவதின் அசல் இருக்கிறது. ஒரு முறையும் கொண்டுவந்ததில்லை. நானா சீண்டினார். "கொண்டு வாங்களேன் மாத்தயா. ரெண்டையும் போட்டுப் பாப்போம். எது ஒசத்தின்னு தெரிஞ்சிரும்." மாத்தயாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறே என்றார்.

4.11 செவ்வாய்

விடைத்தாள் முடிந்தது. ஒருவன் 'பாஸ்ட் டென்ஸ்' கேள்விக்குத் தன் மாமா கதை முழுக்க எழுதியிருக்கிறான், எல்லாம் நிகழ்காலத்தில். ஆசிரியர் அறையில் வடக்குச் சண்டை பற்றித் தாழ்ந்த குரலில் பேச்சு. சிங்களப் பாட டீச்சர் உள்ளே வந்ததும் மழையைப் பற்றிய பேச்சானது. அவரும் மழையைப் பற்றியே பேசினார்.

9.11 ஞாயிறு

நாள் முழுக்க மூட்டம்.

முதலில் பெட்டியில் இருந்ததைப் போட்டோம். பிறகு மாத்தயாவின் அசல். யாரையும் தொட விடவில்லை. அவரே துடைத்தார், அவரே ஊசி வைத்தார். கொஞ்சம் இரைச்சல், உள்ளே டிரம்ஸ். "கேட்டீங்களா? இதுதான் அவங்க வாசிச்சது." நானா தலையைத் தலையை ஆட்டினார், ஒப்புக்கொள்ளவில்லை.

சுற்றும்போது லேபிளில் பச்சையாக ஒரு வளையம் தெரிந்தது. அச்சு என்று நினைத்தேன். பாட்டு முடிந்து தட்டு நின்றது. வளையமும் நின்று எழுத்தானது.

முதல் சம்பளம். செல்வி.

என் எழுத்து. பள்ளிக்கூடத்தில் வாங்கிய பச்சை மை.

தலைவலி என்று கிளம்பிவிட்டேன். நானா படிவரை வந்து குடை கொடுத்தார். மழையே இல்லை, வாங்கிக்கொண்டேன்.

10.11 திங்கள்

பள்ளிக்குப் போனேன். என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை.

யாரோ விற்று, யாரோ வாங்கி, அப்படியே சுற்றி மாத்தயாவிடம் வந்திருக்கலாம். அவருக்கு என்ன தெரியும்? ஐந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்த மனுஷன். என் ஆபரேஷனுக்கு இரத்தம் கொடுத்தவர்.

சோறு குழைந்துவிட்டது.

13.11 வியாழன்

பள்ளி விட்டதும் பலாபத்வல பஸ். மாத்தயா வீட்டில் அவர் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு தேநீர் போடப் போனார்.

"அந்த லேபிள்ல இருக்கிற எழுத்து என்னோடது மாத்தயா" என்றேன்.

அவர் சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு, "எண்பத்து நாலுல கண்டியில, ரோட்டோரமா ஒருத்தன் சாக்கு நிறைய ரெக்கார்ட் வச்சிருந்தான். அதுல எடுத்தேன்."

"உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்ல..."

"இல்ல டீச்சர், எங்கேருந்து வந்திருக்கும்னு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் வாங்கினேன். தமிழ் எழுத்துன்னும் தெரியும். என்ன எழுதியிருக்குன்னு இத்தனை வருஷத்துல யாரிட்டயும் கேக்கல. கேட்டா ஒரு பேர் வந்துடும்."

உள்ளே போய் எடுத்து வந்தார். பழைய உறைக்கு மேல் புது பிளாஸ்டிக் உறை. இரண்டு கையாலும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை. என் பொருளுக்கு ஏன் சொல்ல வேண்டும்? தேநீர் வந்தது. குடிக்காமல் எழுந்தேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அது மட்டும் கஷ்டமாக இருந்தது.

திரும்பும்போது சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஆர்மிக்காரர் பையிலிருந்து ரெக்கார்டை உருவி, இரண்டு பக்கமும் பார்த்து, "உங்களுதா?" என்றார்.

"என்னுடையது" என்றேன்.

14.11 வெள்ளி

மாலையில் தனியாகப் போட்டுக் கேட்டேன். ஒரு தூசி இல்லை. என்னிடமே இருந்திருந்தால் இவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததற்கு என் மேலேயே கோபம்.

உண்மையைச் சொன்னால், பெட்டியில் இருப்பதுதான் தெளிவு. இதைக் கொடுத்துவிட மாட்டேன், அது வேறு.

நானாவிடம் சொல்வதா? மாத்தயா இனி வரமாட்டார் என்று தோன்றுகிறது. வராவிட்டால் நல்லது. வராவிட்டால் என்ன செய்வது?

16.11 ஞாயிறு

இரண்டு மணியிலிருந்தே மழை. நானா கூப்பிட்டிருந்தார், பெட்டியில் கடைசி இரண்டு ரெக்கார்ட் பாக்கி. மூன்றரை வரை நாங்கள் இருவர்தான். பிறகு படியில் செருப்புச் சத்தம்.

மாத்தயா. வெறுங்கை.

"எங்க உங்க அசல்?" நானா சிரித்தார்.

மாத்தயா என்னைப் பார்த்தார்.

"எங்கிட்ட இருக்கு நானா. அது நான் தொலைச்சது" என்றேன்.

நானாவின் சிரிப்பு நின்றது. ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்தார். பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "எதப் போட?" என்று மட்டும் கேட்டார்.

"மூணாவது" என்றார் மாத்தயா. வழக்கமான நாற்காலிக்கு வராமல் கதவோரத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கேட்டோம். முதல் பக்கம் முடிந்து நானா திருப்பிப் போட்டார். கதவு வழியாகச் சாரல் அடித்து மாத்தயாவின் ஒரு தோள் நனைந்துகொண்டிருந்தது. அவர் நகரவில்லை.

"நனையுறீங்க மாத்தயா. இப்படி வாங்க" என்றேன்.

வந்தார்.