ஏர்போர்ட்டிலிருந்து தென்காசி வரை

தென்காசி,
ஆனி மாதம், வியாழக்கிழமை.

அன்பு மகள் முத்துச்செல்விக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். அங்கே மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளை மணிகண்டபிரபுவும் சளி, இருமல் அண்டாமல் இருக்க இலஞ்சி முருகனை வேண்டிக்கொள்கிறேன். மனசளவில் நான் அவ்வளவு சுகமில்லை, அதற்குக் காரணம் நீ அனுப்பியிருக்கும் பயணத் திட்டம். போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், அப்புறம் கத்தரிக்காய் விலை வரைக்கும் அவளே பேசி முடித்துவிட்டு, இந்தா ஒங்க அப்பா என்று கொடுக்கும்போது நான் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். நீ கிளம்புவதற்குள் வந்து சேர்ந்துவிடும் என்று போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள்.

சிங்கப்பூரில் இரண்டு ராத்திரி, திருவனந்தபுரத்தில் இரண்டு ராத்திரி, அதற்கப்புறம் தென்காசி என்று போட்டிருக்கிறாய். ஒரே மூச்சில் வந்தால் கால் வீங்குகிறது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது, நடுவில் இறங்கிப் படுத்து எழுந்து வந்தால்தான் மனுஷியாக வீட்டுக்குள் நுழைய முடிகிறது என்று நீ சொல்வது நியாயம். நியாயம் என்று தெரிந்தும் எனக்கு வயிறு எரிகிறது. சிங்கப்பூர் உனக்கு என்ன மாமன் வீடா? போன தடவை அந்த ஓட்டல் அறையைப் போட்டோ எடுத்து அனுப்பினாய், வெள்ளை விரிப்பு, நாலு தலையணை, குளிப்பதற்கு ஒரு தொட்டி. ஐந்தருவித் தண்ணீரைத் தலையில் வாங்கிய பிள்ளை தொட்டியில் மல்லாந்து கிடந்து அசதி தீர்ந்தது என்கிறாளே என்று அன்றைக்குப் பூராவும் எனக்கு ஆறவில்லை. நீ வருகிறாய் என்று குற்றாலத்தில் கடை கடையாக ஏறி இறங்கி மங்குஸ்தான் பொறுக்கி வாங்கிவந்து வைத்திருந்தேன். நீ ஒன்றை உரித்து வாயில் போட்டுவிட்டு, சிங்கப்பூர்ல இப்பதான் தின்னேம்ப்பா, அங்க இன்னும் இனிப்பு என்றாய். மீதியை நானே தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

உன் அம்மாவிடம் சொன்னால், அவ களைப்பாறி வந்தா ஒமக்கு என்ன செய்யுது, வீட்டுக்குத்தானே வாரா என்கிறாள். அவளுக்கு ஒன்றும் செய்யாது. நீ எத்தனை ஊரில் தங்கி வந்தாலும் அவள் பங்கு குறைவதில்லை. வாசலில் ஆரத்தி எடுப்பதிலிருந்து திரும்பப் பெட்டி கட்டுவது வரைக்கும் நீ அடுக்களையில் அவளோடுதான் இருப்பாய், மிச்ச நேரத்துக்கு ஆய்க்குடிச் சித்தியும் பக்கத்து வீட்டு ஹாஜரா பீவியும் வந்துவிடுவார்கள். எனக்கு இருந்தது ஒன்றே ஒன்று, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து தென்காசி வரை நான் உன்னைக் காரில் கூட்டிவரும் அந்த வழி. பிளைட்டில் தூங்காத கண்ணோடு வந்து பின் சீட்டில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, பாலோடு ஊரைத் தாண்டும்போது பேச ஆரம்பித்தாய் என்றால் புளியரை இறக்கத்தில் சாரல் காற்று முகத்தில் அடிக்கும் வரைக்கும் பேசுவாய். மாப்பிள்ளையோடு போட்ட சண்டை, ஆபீஸில் ஒருத்தி சொன்ன சொல், அம்மாட்ட சொல்லிராதீங்கப்பா என்று எத்தனை விஷயம். வீட்டுக்குள் நுழைந்த பிறகு நமக்குள் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதுதானே பேச்சு. நீ திருவனந்தபுரத்தில் தங்க ஆரம்பித்ததிலிருந்து அந்த வழி வாடகைக் கார் கிங்ஸ்லியின் வண்டிக்குப் போய்விட்டது.

கிங்ஸ்லி நல்ல பையன், வண்டியையும் நிதானமாகத்தான் ஓட்டுகிறான், குறை கண்டுபிடிக்க நானும் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. போன தடவை பெட்டியை இறக்கிவிட்டு வாசலில் நின்று காபி குடித்தவன் என்னிடம், அக்காவுக்கு ஜோலி போனதுல நல்ல சங்கடமாக்கும் அண்ணாச்சி, பாலோட்டுல இருந்து ஒரே கரச்சிலும் கண்ணீருமாக்கும், தென்மலையில வண்டிய ஒதுக்கி சாயா வாங்கிக் குடுத்தேன், பொறவுதான் சமாதானமாச்சு என்றான். எனக்கு முன்பே தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். உள்ளே வந்தால் நீ உன் அம்மாவிடம், வேலையெல்லாம் நல்லாப் போகுதும்மா என்று சொல்லிக்கொண்டிருந்தாய். மெல்போர்னுக்குத் திரும்பிப் போய் வேறு வேலை கிடைத்த பிறகுதான் பழைய வேலை போன கதையைப் போனில் சொன்னாய். எனக்கு அது அன்றைக்கே தெரியும், மகளே. நீ இங்கிருந்த நாள் பூராவும் தெரிந்துகொண்டே உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனைக் கோபித்துக்கொள்ளாதே, அவன் என்னைத் தகப்பன் என்று நினைத்துச் சொன்னான். பந்தியில் அவன் சாப்பிட்டுவிட்டுப் போக நான் இலை எடுத்த மாதிரி ஆயிற்று, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஊர்ச் சேதி ஒன்றும் எழுதாமல் என் புலம்பலையே எழுதுகிறேன் பார். சீசன் நன்றாக இருக்கிறது, மெயின் அருவியில் வெள்ளம் கூடி முந்தா நாள் குளிக்க விடவில்லை, வந்த கூட்டமெல்லாம் தென்காசிக்குள் திரும்பி நம் தெருவில் கார் நிறுத்த இடமில்லை. சித்திரையில் ஆபரேஷன் செய்த கண் தெளிந்துவிட்டது, ஆனாலும் மலைப்பாதையில் ஓட்டக் கூடாது என்று டாக்டரும் சொல்கிறார், நீயும் சொல்கிறாய். முப்பது வருஷம் போலீஸ் ஜீப் ஓட்டியவனுக்கு அதைக் கேட்டுக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, கேட்டுக்கொண்டேன். நீயும் ஒன்றைக் கேட்டுக்கொள். சிங்கப்பூரில் இரண்டு ராத்திரி என்ன, நாலு ராத்திரி படுத்து எழுந்து வா. திருவனந்தபுரத்திலும் உன் இஷ்டம்போல் இரு. நீ அறையைக் காலி செய்யும் அன்றைக்கு நான் இங்கிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து அந்த ஓட்டல் வாசலுக்கு வந்துவிடுவேன். கிங்ஸ்லிதான் ஓட்டுவான், நான் உன்னோடு பின் சீட்டில் வருவேன். கிங்ஸ்லிக்குப் போன் போட்டும் சொல்லியாயிற்று. முன்னால இருங்க அண்ணாச்சி, கால் நீட்ட சௌகரியமாக்கும் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். பாட்டை மட்டும் சத்தமாகப் போடு தம்பி, நாங்கள் பேசுவது உன் காதில் விழக்கூடாது என்றும் சொன்னேன். அவன் சிரிக்கிறான்.

இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். அவனுக்கு மட்டும் ஏன் சொன்னாய் என்று ஒரு வருஷமாகப் பொருமிக்கொண்டிருந்தவனுக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஜீப்பில் பின்னால் உட்காருகிறவர்கள், அதிகாரியானாலும் கைதியானாலும், டிரைவருக்குக் காது இல்லை என்று நினைத்துத்தான் பேசுவார்கள். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு சொல்வதில் ஒரு கூச்சமும் இல்லை. நீ என்னிடம் அத்தனை வருஷம் சொன்னதும் அப்படித்தான் போலிருக்கிறது. வீட்டில் முகத்துக்கு நேரே வைத்து ஒன்றும் சொன்னதில்லையே. பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டு நான் உன் முகத்தையே பார்த்தால் நீ வாயைத் திறக்கமாட்டாய்.

உடம்பைப் பார்த்துக்கொள், பிளைட்டில் நடுநடுவே எழுந்து நட, தண்ணீர் நிறையக் குடி. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டாலும் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பாதே. காசிவிசுவநாதரும் உலகம்மனும் உங்கள் இருவருக்கும் துணையிருந்து நீண்ட ஆயுளும் நிறைந்த சந்தோஷமும் தரட்டும். பாலோடு தாண்டியதும் நான் என் பக்கத்து ஜன்னல் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். தென்காசி வரும்வரை திரும்பமாட்டேன். நீ பேசு.

உன் வரவை எண்ணியிருக்கும் அப்பா,
சு. சுடலையாண்டி