நகர்ந்த பந்து

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறிவிட்டாயே! இனி என் கோல்ஃப் பையை யார் சுமப்பது?

ஞாயிறன்று கடைசிக் குழிக்குப் போகும் வழியில் என் பந்து ஒரு விரற்கடை நகர்ந்தது. "என் மட்டை பட்டுடுச்சு" என்று நானே நடுவரைக் கூப்பிட்டு, அபராதமாக என் கணக்கில் ஓர் அடியைக் கூட்டவைத்தேன். அந்த ஓர் அடியில் கோப்பை போய்விட்டது. நம் நாட்டிலிருந்து இந்தத் தொழில்முறைத் தொடருக்கு வந்த முதல் ஆள் நான். எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? "யாருமே பாக்கலையே, உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்று ஊர் பார்க்கக் கத்தினாயே, அதுதான் ஆறவில்லை.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

கோபம் தீராத,
தங்கை

மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

அம்மா நடக்கிறாள், என்னைத் திட்டுகிறாள், நலம். நான் பழையபடி மைதானத்தில் புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறேன்.

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். பந்தை நகர்த்தியது உன் மட்டை இல்லை. பையை நான் இறக்கியபோது அதன் ஓரம் இடித்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். நீ பழியை உன் தலையில் போட்டுக்கொண்டதும், வெட்கத்தை மறைக்கக் கத்தினேன். உன் பையைத் தொட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நல்ல ஆளாகப் பார்த்துக்கொள்.

முகத்தில் விழிக்கத் தெம்பில்லாத,
அண்ணன்

ஏப்ரல் 6

என் மக்கு அண்ணனுக்கு,

ஜெயித்துவிட்டேன்! அடுத்தவளைவிட நான்கு அடி குறைவாக அடித்து! ஏற்றுவதற்குப் போட்டி நடத்தியவர்களிடம் நம் நாட்டுக் கொடியே இல்லை. அடுத்த ஊரிலிருந்து வாங்கிவரும்வரை பரிசளிப்பே நின்றது. நான் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் கடிதம் போட்டி தொடங்கிய காலையில்தான் வந்தது. உடைமாற்றும் அறையில் படித்து அழுதேன். அண்ணா, பை இடித்ததை நான் பார்த்தேன். நம் இருவரில் யார் இடித்தாலும் அபராதம் எனக்குத்தான். பிறகு உன்னை எதற்குக் காட்டிக்கொடுப்பது? நீயாகச் சொல்வாயா என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். சொல்லிவிட்டாய், போதும்.

அடுத்த போட்டிக்கு என் பை சுமக்க உன் பெயரைத்தான் பதிவு செய்திருக்கிறேன். வருவாய்தானே?

கோப்பையைக் கட்டிக்கொண்டு தூங்கும்,
தங்கை

ஏப்ரல் 18

தங்கச்சி,

நீ ஆடி முடிக்கும்வரை இங்கே ஒருவரும் வண்டியைத் தொடவில்லை. ஓய்வறை டி.வி.யை அணைக்க வந்த மேலாளர், கொடி ஏறியதும் எங்களோடு எழுந்து நின்று கை தட்டினார். எல்லோருக்கும் போன் போட்டு அம்மாவுக்குக் குரலே போய்விட்டது.

வருகிற திங்களன்று புறப்படுகிறேன். பதினாறாவது குழியில் நீ எடுத்த மட்டை தப்பு, நேரில் பேசிக்கொள்வோம். ஒன்று மட்டும் இப்போதே சொல்கிறேன். இனி பை இடித்தால் நடுவரை நான்தான் கூப்பிடுவேன்.

பெட்டி கட்டிவிட்ட,
அண்ணன்