உட்கார வைத்தவர்கள் மீது தீர்ப்பு

சைகோன்
21-11-1954

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். அண்ணிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? மாதம் ஒரு கடிதம் என்று சொல்லிவிட்டு நீங்கள்தான் மறந்துவிட்டீர்கள்.

பாண்டியில் கொடி மாறிவிட்டதாம், நீங்கள் மட்டும் அதே நீதிபதியாம்! ‘பிரெஞ்சு மக்களின் பெயரால்’ என்று சொல்லித்தானே தீர்ப்பு வாசிப்பீர்கள்? இப்போது யார் பெயரால் வாசிக்கிறீர்கள்? இவரைக் கேட்டால் சிரிக்கிறார். உடனே எழுதுங்கள்.

தங்கை
அஞ்சலாட்சி

புதுச்சேரி
30-3-1955

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்டதை இங்கே யாரும் கேட்கவில்லை. முதல் நாள் பழைய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, “தீர்ப்பு” என்று மட்டும் ஆரம்பித்தேன்.

வைத்திக்குப்பத்தில் மீன் காயவைக்கும் இடத்தைப் புதிய அதிகாரிகள் வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். வரலட்சுமி என்கிற மீன்காரம்மா சர்க்கார் மீதே வழக்குப் போட்டாள். கூண்டில் நின்று, “முசியே, நீங்களும் அவங்க சம்பளந்தான வாங்குறீங்க? எனக்கு எப்டி நியாயம் சொல்லுவீங்க?” என்றாள். கோர்ட்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலியை எடுக்கச் சொல்லித் தீர்ப்பு எழுதினேன். மறுநாளே ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து, “கொடி மாறின பெறகும் ஒங்கள அங்க உக்கார வச்சதே நாங்கதான்” என்றார்.

“வச்சீங்க. என்னா தீர்ப்பு சொல்லணும்னு சொல்லி வைக்கலியே” என்றேன்.

காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

அண்ணன்
தேவதாஸ்

மர்சேய்
2-10-1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு உங்களுக்கு ஒரு பதவி உயர்வுகூட இல்லை. உங்களிடம் வேலை கற்ற கோவிந்தசாமி இன்று உங்களுக்கு மேலே! எனக்கு ஆறவே இல்லை.

இப்போது பாண்டியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கிற ஒப்பந்தமும் அமலுக்கு வந்துவிட்டது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று பிப்ரவரிக்குள் எழுதிக் கொடுத்தால் போதுமாம். நாங்கள் சைகோனை விட்டு வந்ததுபோல நீங்களும் அண்ணியோடு இங்கே வந்துவிடுங்கள். மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.

அஞ்சலாட்சி

புதுச்சேரி
9-12-1962

அன்புள்ள அஞ்சலாட்சிக்கு,

நான் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. சும்மா இருந்தால் இங்கே நான் இந்தியன். அங்கே சும்மா இருக்கிற நீ பிரெஞ்சுக்காரி. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், வேடிக்கைதான்.

பதவி உயர்வு இல்லை, வாஸ்தவம். ஆனால் நாற்காலியை யாரும் பிடுங்கவில்லையே. தன் மீதே வழக்குப் போட விடுகிற சர்க்கார் எத்தனை காலம் அப்படி விடும் என்று உட்கார்ந்து பார்க்க ஆசையாக இருக்கிறது. நாளை விசாரணைக்கு வருவதும் அப்படியொன்றுதான். சாலைக்குப் போன நிலத்துக்காகத் தவளக்குப்பத்து விவசாயி ஒருவர் சர்க்காரைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறார்.

கோபித்துக்கொள்ளாதே.

தேவதாஸ்

மர்சேய்
28-12-1962

அண்ணா,

படித்துவிட்டு அழுதேன். இனி உங்களுக்கு எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன்.

அந்தத் தவளக்குப்பத்துக்காரர் வழக்கு என்ன ஆயிற்று?

அஞ்சலாட்சி